பின்சில்லு

கொழும்பில் மூன்று கடை, கண்டியில் ஒன்று.
ஒரே பதில்தான்: இறக்குமதி நிப்பாட்டி, அக்கா,
அந்த அளவு மோட்டார்சைக்கிள் ரயர்
இனி எப்ப வருமெண்டு கடவுளுக்கும் தெரியாது.

பழையதைத் தடவிப் பார்த்தேன்.
நடுவில் கம்பி மினுங்கியது.
ஆயிரத்து முந்நூறு சீசீ,
இருநூற்றெண்பது கிலோ,
பக்கப்பெட்டி இரண்டிலும்
எக்ஸ்ரே மெசினின் உதிரிப்பாகங்கள்.
மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும்
உடைந்த கைகள்
படமில்லாமல் காத்திருந்தன.

என்னோடு நெடுந்தூரம் ஓடும் செலஸ்ரின்
தொலைபேசியில் கத்தினான்:
ரப்பர் வேறு, விளிம்பு வேறு, வடிவம் வேறு,
பொறியியல் படித்தவளல்லோ நீ.
ஓம், படித்தவள்தான்.
கம்பி தெரியும் ரயரில்
இன்னும் எத்தனை நாள் மிச்சமென்று
எண்ணத் தெரிந்ததும் அதனால்தான்.

கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஜவ்பரின் கடை.
பதினேழு அங்குலக் கார் ரயர் ஒன்றை
உருட்டி வந்து முன்னால் விட்டார்.
பிடிக்காமலே நின்றது.
என் பழையது
எப்போதும் சாய ஒரு சுவர் கேட்கும்.

"இது நாலு பேரோட சேர்ந்து ஓடப் பொறந்தது, மிஸ்.
சாயுறதெண்டா என்னெண்டு இதுக்குத் தெரியாது.
வளைவில ஏதும் நடந்தா
நான் பூட்டல்ல, நீங்க இங்க வரவுமில்ல."
சொல்லிக்கொண்டே
சவர்க்கார நுரையைப் பூசினார்.

விளிம்பு ரிம்மில் ஏற மறுத்தது.
ஊசி நாற்பது, ஐம்பது.
பக்கத்துக் கடைக்காரர் பிளேன்ரீயோடு எழுந்து
அப்பால் போனார்.
அறுபதில் ஒரு வெடி.
படுத்திருந்த நாய் ஓடியது.
மறுபக்கத்துக்கு இரண்டாவது வெடி.
ஜவ்பர் கண்களை மூடியிருந்தார்.
எங்கள் ஊரில் எவருக்கும்
அது வெறும் ரயர்ச் சத்தம்தானென்று தெளிய
சில நொடிகள் ஆகும்.

முப்பத்திரண்டுக்கு இறக்கினோம்.

முதல் நாள் வண்டி என்னோடு பேசவில்லை.
வீதியின் ஒவ்வொரு பள்ளத்தையும்
தன்பாட்டில் விசாரித்துக்கொண்டு போனது.
வெருகல் வீதி நேரானது,
அங்கே அது ஒரு கட்டில்.
உவர்மலை இறக்கம்தான்.
உட்துறைமுகம் திடீரென்று தெரியும்
அந்த இடது வளைவு.
முன்பு இடுப்பால் நினைத்தாலே போதும்.
இப்போது இடது கைப்பிடியைத் தள்ள வேண்டும்,
தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.
விட்டால் நிமிரும்.
நிமிர்ந்தால் எதிர்ப்பக்கம்,
எதிர்ப்பக்கத்தில் எப்போதும் ஒரு பஸ்.

மழை தொடங்கிய வெள்ளிக்கிழமை
வளைவின் நடுவில் மான்.
காட்டு மான் அல்ல, ஊர் மான்,
பஸ் நிலையத்தில் தோல் பொறுக்கித் தின்னும்,
ஹோர்னுக்கு அசையாத சாதி.
வாயில் ஒரு லன்ச்சீற்.

தள்ளினேன்.
ரயர் மறுத்தது.
அதன் பக்கத்திலும் நியாயம் உண்டு,
அதைக் கேட்டா பூட்டினோம்?
இன்னும் தள்ளினேன், தோள்மூட்டு கழல,
அம்மாவுக்குத் தெரியாத சொற்களால் ஏசியபடி.
பிறகு எங்கோ அடியில்
தட்டையான ஒன்று
தன் ஓரத்தை மடித்து வைத்தது.
பெட்டியின் மூலை மானின் வாலில் பட்டிருக்கலாம்.
மான் லன்ச்சீற்றை மென்றுகொண்டிருந்தது.

வீட்டில் ரோர்ச் அடித்துப் பார்த்தேன்.
புது ரயரின் ரப்பர் மயிர்கள்
வலப்பக்கம் முழுக்க அப்படியே.
இடப்பக்கத்தில் ஒரு விரலகலம்
மழித்தது போல.

அடுத்த கிழமை காற்றுப் பார்க்கப் போனேன்.
ஜவ்பர் குந்தியிருந்து
அந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார்.
எந்த வளைவென்று கேட்கவில்லை.
"முப்பது வைப்பமா?"
"இருபத்தெட்டு."
காற்று சீறி அடங்கும்வரை
இருவரும் ஊசியையே பார்த்திருந்தோம்.

காசை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டார்.
"எதுக்கு மிஸ்?
இத நான் பூட்டவேயில்லையே."