பதினொன்றாவது

பிர்கத் அல் மவ்ஸ் சோதனைச் சாவடியில்
போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.
பின்னால் என்ன?
பொறிகள், அறுபது.
எதற்கு?
எலிக்கு.
சிரித்தார். நாலு சக்கரமும் இழுக்குமா என்று மட்டும்
கேட்டுக்கொண்டு கையசைத்தார்.
எலிக்கு இல்லை, எலியின் மேல் இருப்பதற்கு
என்று சொல்லியிருந்தால்
இறங்கச் சொல்லியிருப்பார்.

சைக் மேட்டில் ஜனவரி.
இரண்டு கால்சட்டை,
அதற்கு மேல் தவசிமுத்துவிடம் இரவல் வாங்கிய ஜாக்கெட்.
ஹிலாலின் ஆட்டுப்பட்டி தாண்டி
காட்டு ஒலிவத்தின் அடியில், கல்லிடுக்கில்
மாலை வைத்த பொறியை
விடியுமுன் எடுக்கவேண்டும்.
இரை கடலை வெண்ணெயும் ஓட்ஸும்.
இரண்டாம் நாள் காலை எனக்கும் அதுவே.

முதுகில் முள்மயிர் வைத்த சுண்டெலி.
வாலைப் பிடித்தால்
வாலின் தோலைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும்,
கடன்காரனிடம் சட்டையைக் கழற்றித் தந்து
ஓடுகிறவன் மாதிரி.

டாக்டர் ஸுவைனாவின் கருவிகளில் உருப்படியானது
நான் ரூவியில் வாங்கிய பேன்சீப்பு.
வயிற்றுப் பக்கம் முதலில், பிறகு கழுத்து.
வெள்ளைத் தட்டில் தெள்ளு உதிரும்.
பிடிக்கும் முன் குதித்தது எண்ணிக்கையில் சேராது.
சில என் சாக்ஸில் இறங்கும், விசா இல்லாமல்.

கண்ணாடியில் வைத்துக் காட்டினார்.
மயிர்க்காட்டில் ஒதுங்கி ஒதுங்கி நடப்பதற்கு
பக்கவாட்டில் நசுங்கிய உடம்பு.
கன்னத்தில் கறுப்பாய் ஒரு வரிசைப் பல்.
சீப்பு.
இத்தனை நேரம் நான் சீப்பால் வாரியது
சீப்பு வைத்த ஒன்றை.

இதற்கு முன் நாலு வருஷம்
காலாவில் மருந்தடித்தேன்.
முதுகில் டாங்கி, மூக்கில் முகமூடி.
அறைக்குப் பத்துப் பேர், இரும்புக் கட்டில், மூட்டைப்பூச்சி.
மெத்தைகளை வெயிலில் போட்டுவிட்டு
ஆட்கள் சுவரோரம் குந்தியிருப்பார்கள்,
வெள்ளிக்கிழமைத் தூக்கம் போன கோபத்தோடு.
எத்தனை செத்தது என்று யாரும் கேட்டதில்லை.
அறைக்கு ஆறு ரியால்.

இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு சீசா.
சீசாவுக்கு ஒரு சீட்டு: இடம், உயரம், தேதி,
நாலாவது கட்டத்தில் விரலை வைத்து
தமிழில் இதற்கு என்ன என்றார் டாக்டர்.
ஓம்புயிரி.
பத்தாம் வகுப்புக்குப் பிறகு
அந்தச் சொல்லை வாயால் சொன்னது அப்போதுதான்.
அர்த்தம்?
விருந்து வைத்துக் காப்பாற்றுகிற உயிர்.
கஃபீல் மாதிரியா என்று கேட்டுச் சிரித்தார்.
இல்லை டாக்டர், இதில்
ரத்தம் போகும் திசை வேறு என்றேன்.
அவர் சிரிப்பை நிறுத்தி
மூடியைத் திருகத் தொடங்கினார்.
வெகுநேரம் திருகினார்.

மூன்றாம் விடியலில் நாற்பத்திரண்டாம் பொறி
ஆடவில்லை.
பஞ்சு வைக்க மறந்தது நான்தான்.
ஒருக்களித்து, ஒரு காது மடங்கி,
சுண்டு விரல் அளவுக்குக் கால்.
மேலிருந்தவை இறங்கிவிட்டிருந்தன.
தகரத்தின் மூலையில் பதினொன்று,
குளிரில் குதிக்கவும் தெம்பில்லாமல்.
உடம்பு ஆறினால் இறங்கிவிடும், என்றார் டாக்டர்.
என்னைத் திட்டவில்லை.

பத்தை எடுத்தேன்.
ஒன்று கையுறை மேல் ஏறி
ரப்பர் முடிந்து சதை தொடங்கும் மணிக்கட்டுக்கு வந்தது.
நகம் தானாக எழுந்தது.
நாலு வருஷப் பழக்கம்.
எழுந்த நகத்தை
என்ன செய்வதென்று தெரியாமல் மடக்கிக்கொண்டேன்.

சீட்டில் பத்து என்று எழுதினேன்.
வாரி முடித்த பதினேழாம் எண்ணை
பிடித்த இடத்திலேயே விடுவது என் வேலை.
ஒலிவத்தடியில் மண்டியிட்டு
கை படத் தகரக் கதவைத் திறந்தேன்.
சற்று நின்று, மோந்து,
கல்லுக்குள் போனது.

அதோடு போயிற்றா, போகவில்லையா,
தெரியாது.
இரவு கூடாரத்தில் கணுக்கால் அரித்தது.
கொஞ்ச நேரம்
சொறியாமல் படுத்திருந்தேன்.