சும்மா இருக்கும் கம்பி

மேற்கிலிருந்து வந்த காற்று
இரவெல்லாம் கூரையைத் துழாவி
பனியை வாரி
கிழக்குச் சரிவில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது.
கைனூவில் பிப்ரவரி இப்படித்தான்,
யாரையும் கேட்பதில்லை.

ஹாக்கி அரங்கைப் பூட்டிவிட்டேன்.
பிள்ளைகள் மட்டையோடு வந்து மட்டையோடு திரும்பினார்கள்.
உள்ளே நான், ஓர் ஏணி, ஒரு ஸ்பேனர்.
மேலே இருவர்:
கிழக்கில் வெய்யோ, மேற்கில் ஔலிக்கி.

ஒன்பது மரச் சட்டகங்கள் இந்தக் கூரைக்கு.
மேல் உத்தரம் அமுங்கும், கீழ் உத்தரம் இழுபடும்.
ஓரத்து முக்கோணங்களைப் பற்றிக் கவலையில்லை;
மரம் முறிந்தாலொழிய முக்கோணம் கோணாது.
நடுவில்தான் ஒரு நாற்கரம்.
நாற்கரத்துக்கு முதுகெலும்பு கிடையாது,
இடப்பக்கம் அழுத்தினால் மொத்தமும் சாயும்.
அதற்குள்ளே பெருக்கல் குறிபோல
மெல்லிய இரண்டு கம்பிகள்.

பழைய வரைபடத்தைப் பார்த்திருக்கிறேன்.
பொறியாளர் பாதிக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்;
நடுக்கோட்டில் தாளை மடித்தால்
மீதி தானே வந்துவிடும்.
இருபுறமும் ஒரே பாரமென்றால்
அந்தக் கம்பிகளுக்கு நேரே பூஜ்யம்.
நகராட்சி சிவப்பு மையில் கேட்டிருக்கிறது:
வேலையில்லாத கம்பிக்கு எதற்குக் காசு?
ஓரத்தில் அவர் பதில், ஒரே சொல்:
காற்று.

தட்டுகிறேன்.
நான்காம் சட்டகத்தில் ஒரு கம்பி
ணங்ங் என்று நீள்கிறது.
அதன் ஜோடி தொளதொளவென்று கிடக்கிறது.

வெய்யோ இரண்டு ஆளாய் வாருகிறான்.
ஒவ்வொரு சரிவும் சன்னலைக் கடந்து
பொத்தென்று விழ விழ
கம்பியின் குரல் இறங்குகிறது.
ணங்.
ணக்.
டொக்.
போதும் என்று கத்தினேன்,
காப்பி ஊற்றப் போனேன்.

திரும்பி வந்து தட்டினால்
மற்றது பாடுகிறது.

ஓடிப்போய் வெளியே நின்று
நிறுத்துடா என்கிறேன்.
என் பக்கம் இளைச்சுத்தானே போச்சு? என்கிறான்.
அதுதான் தப்பு என்கிறேன்.
ஔலிக்கிக்கு அறுபத்துமூன்று வயது,
இடது முழங்காலில் எஃகு.
அவள் மேற்கை இன்னும் கால்வாசி தாண்டவில்லை.
அந்தப் பக்கம் போய் உதவலாமென்றால்
அவன் கயிறு கிழக்குக் கொக்கியில் கட்டியிருக்கிறது;
நீட்டிப் பார்த்தான், எட்டவில்லை.

மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிறான்.
உப்பு மிட்டாயை மெல்கிறான்.
ஒரு சரிவு அவளுக்கு,
பிறகு ஒன்று இவனுக்கு.
இவ்வளவு மெதுவாக அவன்
எதையும் செய்ததில்லை.

உள்ளே வந்து ஒன்பதையும் வரிசையாகத் தட்டுகிறேன்.
டொக், டொக்.
பதினெட்டுக் கம்பிகளும் சும்மா இருக்கின்றன.
அவை சும்மா இருக்க
மேலே இரண்டு பேருக்கு வியர்க்கிறது.

ஏழாவதில் கொஞ்சம் குரல் இருக்கிறது.
ஔலிக்கி, உன் பக்கம் இன்னும் ரெண்டு.