ஏழாவது பொருள்

தீர்மானத்தை மட்டும் எழுது, பேச்சை எழுதாதே
என்பது நகர்மன்ற எழுத்தருக்கு விதி.
பதினாறு வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன்.
இது, எழுதாமல் விட்டது.

ஆறாவது பொருள் நாய்க்கழிவுத் தொட்டி.
அதற்கு ஐம்பது நிமிடம்.
ஏழாவதுக்கு வரும்போது தேநீர் ஆறிவிட்டது.
ரேடியேட்டர் டொக் டொக்கென்று
தன் பங்குக்கு ஆட்சேபித்துக்கொண்டிருந்தது.
கீழ்வார்டு ஷகுஃப்தா மிர்ஸா எழுந்தார்,
நனைந்த கோட்டைக் கழற்றாமலே.

பிப்ரவரி ஒன்பது, என்றார்.
விடிகாலை நாலு பத்துக்கு அறிவித்தோம்:
‘ஃபுல்லர் பாலம் மூடப்பட்டது. ஆறு கரை தாண்டுகிறது.’
நல்ல வாக்கியம். பிழை இல்லை.
எழுதியது நான்.

பால்வண்டி நெவில் ப்ரீஸ்ட்லியின் கைபேசியில்
அது வந்து சேர்ந்தது பன்னிரண்டாம் தேதி மாலை,
ஒரு ஜோடி ஓட்டக் காலணிக்கும்
யார் வீட்டு நாய்க்குட்டியின் பிறந்தநாளுக்கும் நடுவே.
வண்டி அதற்குள் வாத்துகள் வசம்.
கணக்கே தொடங்காத ஐரிஸ் தாக்ரே
அக்கம்பக்கத்தில் கேட்டு அந்தப் பக்கத்தைத் தேடிப் போனார்.
திரை சொன்னதாம்:
முதலில் பதிவு செய். பிறகுதான் வெள்ளம்.

தண்டோரா போடுகிறவன் கூலி கேட்கலாம்.
எந்தத் தெருவில் அடிப்பது, எந்தத் தெருவை விடுவது என்று
அவனே முடிவு செய்யலாமா?

ஜனங்கள் அங்கேதானே இருக்கிறார்கள், என்றார் ஆர்மராட்.
நியாயமான கேள்வி.
ஷகுஃப்தா கொஞ்சம் யோசித்தார்.
இருக்கிறார்கள். நாமும் இருப்போம்.
ஆனால் அங்கே போவது நகல்.
மூலம் நம் வீட்டில் இருக்கட்டும்.

நம் பெயரில் ஒரு சின்ன சர்வர்.
மேல்பள்ளத்தாக்குக்கு அவர்களுடையது,
தீயணைப்புக்குத் தனி, நூலகத்துக்குத் தனி.
எல்லாம் ஒன்றோடொன்று பேசும்.
இங்கே போட்ட கடிதம் அங்கே கிடைக்க
இரண்டு ஊருக்கும் ஒரே முதலாளியா வேண்டும்?
படிக்க யாரும் பதிய வேண்டாம்.
பக்கத்து மன்றங்களுக்கும் எழுதுவோம்;
உலகத்தில் ஒரே ஒரு தபால் நிலையம் இருந்து
யாருக்கு என்ன பயன்?

மாதம் முப்பத்தெட்டு பவுண்டு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவர் எங்கள் பொருளாளர்.
ஆறு அளக்காமல் கொண்டுபோனதை
யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.
தொங்கும் பூக்கூடைகளுக்குத் தண்ணீர் ஊற்ற
இதைவிட அதிகம் ஆகிறது என்று மட்டும்
பின்வரிசையில் ஒரு குரல்.

பதினோரு பேர் படிப்பார்கள், என்றார் ஆர்மராட்.
கை தூக்கினால் ஐந்துக்கு ஐந்து.

தலைவர் ஹில்டா ஹோல்ராய்டு கண்ணாடியைத் துடைத்தபடி
என்னிடம் கேட்டார்:
இப்போதிருக்கும் பக்கத்தின் கடவுச்சொல் யாரிடம்?
அதைத் தொடங்கிய பையன் லீட்ஸுக்குப் போய் நாலு வருடம்.
என் கைபேசி தொலைந்தால்
திரும்ப உள்ளே போக வழி
அவனுடைய பழைய மின்னஞ்சல் வழியாகத்தான்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் பேனாவைப் பார்த்தேன்.

தீர்மானம்: ஆறு மாதம், சோதனை முறையில்.
அதை எழுதினேன்.

முதல் செய்தி ஏப்ரலில் போட்டேன்:
‘ஃபுல்லர் பாலம் திறந்திருக்கிறது.’
பின்தொடர்ந்தவர்கள் பதினோரு பேர்.
ஆர்மராட் கணக்கில் கெட்டிக்காரர்.
இரண்டு நூலகர்கள், ஒரு தீயணைப்பு நிலையம்,
நாரைகளைப் படமெடுக்கும் ஒருவர், ஐரிஸ் இல்லை.
ஐரிஸ் வெறுமனே வந்து படித்துவிட்டுப் போகிறாராம்.

அக்டோபரில் ஒரு சனி இரவு, பதினொன்றரை.
மேல்பள்ளத்தாக்கு மன்றத்தின் எழுத்தர்,
நான் முகம் பார்த்திராத பெண்,
என் செய்திக்குக் கீழே ஒரு வரி போட்டிருந்தார்:
‘இங்கே மூன்று மணி நேரமாக நிற்காமல் பெய்கிறது.
விடிவதற்குள் உங்களிடம் வரும்.’

ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள்.
அந்த வரியை எங்கள் பெயரில் முன்னனுப்பிவிட்டு
தடுப்புக்கம்பியின் சாவியை ஆணியிலிருந்து எடுத்தேன்.
டார்ச்சில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்தேன்.
நெவிலின் எண்ணை
இன்னமும் நான் கையால்தான் அழுத்துகிறேன்.