குறைந்தபட்சம்

இரண்டாவது மாடி. லிஃப்ட் வாசலில்
நாற்காலியைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள்.
ஏறி வந்து மூச்சு வாங்க நிற்கிறேன்.
கண்ணாடிக்கு அடியில் நாலு விரல் இடைவெளி,
அதன் வழியே குனிந்து பேச வேண்டும்.

லோகப்பிரியா என்று பெயர் குத்தியிருக்கும் பெண்
திரையைப் பார்த்தபடி சொன்னாள்:
ஓய்வுக்காலக் கணக்கில் தங்கம் வைக்கலாம் மேடம்,
முதல் தவணை குறைந்தபட்சம் பத்தாயிரம்.
தங்கத்தை எப்போது கையில் தருவீர்கள்?
தர மாட்டோம். எழுத்தில் இருக்கும்.
அறுபது வயது வரை எடுக்க முடியாது.
அடகு?
வைக்க முடியாது.
அவசரத்துக்கு யாராவது கேட்டால்?
அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.
யார் கேட்டாலும்.

அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான்
அம்பத்தூர் எஸ்டேட்டில் அரை நாள் லீவு சொல்லி
இரண்டு பஸ் மாறி
மவுண்ட் ரோடுக்கு வந்தேன்.

என் தம்பி அமலதாஸ் கெட்டவன் இல்லை.
ஷேர் ஆட்டோ வாங்க என் வளையல்,
அதே ஆட்டோவுக்கு எஃப்.சி. காட்ட என் செயின்,
பெண்ணுக்கு டான்சில் ஆபரேஷன், மோதிரம்.
கேட்கும்போது தரையைப் பார்த்துக் கேட்பான்.
நான் கழற்றும்போது
கதவைச் சாத்த எழுந்து போவான்.
அயனாவரம் அடகுக்கடைக்காரருக்கு
என் முகத்தைவிட என் கழுத்துதான் பழக்கம்.

வெள்ளம் வந்த டிசம்பரில்
எங்கள் வீட்டில் எதுவும் மூழ்கவில்லை, மேட்டுத் தெரு.
சொட்டு மழை இல்லாத மே மாதத்தில்
வளையல் மூழ்கியது.
அடுத்த மே, செயின்.
மோதிரம் மூழ்கியதை
சீட்டைத் தொலைத்த பிறகுதான் கவனித்தேன்.

பொம்பளைக்குக் குந்துமணித் தங்கமாவது வேணும் என்பார்கள்.
குந்துமணிக்கு எத்தனை ரூபாய் என்று
யாரும் சொன்னதில்லை.
இந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

கையில் ஆறாயிரத்து நானூறு.
காதில் தோடு.
அதையும் ஒருமுறை அடகுக்குக் கொண்டுபோனேன்,
இதுக்கெல்லாம் சீட்டு எழுத முடியாதும்மா என்று
தராசில்கூட வைக்காமல் தள்ளினார்.
அவருக்கும் ஒரு குறைந்தபட்சம் இருந்திருக்கிறது.
தோடு தப்பியது அப்படித்தான்.

பின்சந்தில் ஒரு சின்ன நகைக்கடை.
கல்லில் உரசினார், கல்லைப் பெயர்த்தெடுத்தார்,
அழுக்கு, அரக்கு, கழிவு என்று
வாய்க்குள்ளேயே ஒரு கணக்கு.
வாங்கியபோதும் சேதாரம் கொடுத்தேன்,
விற்கும்போதும் சேதாரம் நான்தான்.
தங்கம் வாங்கத்தான் விற்கிறேன் என்றேன்.
எல்லாரும் அதுக்குத்தாம்மா, என்றபடி
நாலாயிரத்து நூறை எண்ணிக் கொடுத்தார்.

எதிரே டீக்கடை.
துடைப்பத்திலிருந்து ஈர்க்கு ஒன்று தருவீர்களா?
எதுக்குக்கா?
காதுக்கு.
பையன் சிரிக்கவில்லை. புதுத் துடைப்பத்திலிருந்து
ஒடித்துக் கொடுத்தான்.

மறுபடி இரண்டு மாடி.
பெயர்: ஜெசிந்தா. வயது: ஐம்பத்திரண்டு.
திருமணம்: இல்லை.
வாரிசுதாரர் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
காலியாக விடலாமா?
சிஸ்டம் எடுத்துக்காது மேடம்.
பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.
எழுதினேன். அமலதாஸ், தம்பி,
நூறு சதவீதம்.

கேட்கட்டும், நான் போன பிறகு.
தரையைப் பார்த்தோ, இந்தக் கண்ணாடியைப் பார்த்தோ.
கழற்ற வேண்டியது நானில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
போனில் செய்தி வந்தது:
உங்கள் தங்க இருப்பு என்று தொடங்கி
புள்ளிக்குப் பின்னால் நாலு எண்கள்.
கண்ணாடி எடுத்து வரவில்லை,
வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஈர்க்கு கொஞ்சம் நீளம். காற்றுக்குத்
தலை சாய்த்தால் கழுத்தில் குத்துகிறது.
குத்தட்டும்.
ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது,
இன்னும் எட்டு வருஷம்.