கார்பன் தாள்

எஸ்தோனியக் கடலோரம், ஹாப்சாலு நகர நீதிமன்றத்தில்
இருபத்தேழு வருடம் தட்டச்சு அடித்தேன்.
யாரையும் நான் தண்டித்ததில்லை.
சொன்னதை அடித்தேன், அவ்வளவுதான்.
ஒரு அசல், மூன்று நகல்.
மூன்றாவது நகலில் எழுத்து மங்கிவிடும்.
அதைக் குற்றவாளியிடம் கொடுப்போம்.

அறுபத்து மூன்று, மார்ச். கடல் இன்னும் உறைந்தே கிடந்தது.
ஹெல்துர் கீவிலோவைக் கூட்டி வந்தார்கள்.
முப்பத்தொரு வயது.
ரப்பர் பூட்ஸில் நாணல் குப்பை.

வேலை?
பறவைகளை எண்ணுகிறேன்.
யார் சொல்லி?
யாரும் சொல்லவில்லை.

மன்றம் சிரித்தது. நானும் சிரித்தேன்.
சிரிப்பை அடிக்க என் இயந்திரத்தில் விசை கிடையாது,
ஆகவே அது கோப்பில் இல்லை.

அவர் திருடியதில்லை. குடித்ததில்லை.
சாட்சி சொல்ல வந்த மீன் ஆலை மேற்பார்வையாளர்
குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்;
ஆனால் அவருக்கு வேலை இருந்தது.
'சமூக ஒட்டுண்ணி' என்றார் நீதிபதி.
பிழை வந்துவிடக் கூடாதே என்று
எழுத்து எழுத்தாக நிறுத்திச் சொன்னார்.
நான்கு வருடம், வடக்கே, மரம் வெட்டும் முகாம்.
நோட்டுப் புத்தகங்கள் பதினொன்று: சான்றுப்பொருள்.

முத்திரை வைக்குமுன் ஒன்றைப் புரட்டினேன்.
'ஏப்ரல் 9. பனிமூட்டம். அன்னம் 412.
ஒருவேளை 413.'

அந்த ஒருவேளையைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.
அன்று அந்த அறையில்
வேறெவர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை.

கார்பனுக்குப் பஞ்சம் அப்போது.
ஒரே தாளை எட்டு ஒன்பது வழக்குக்கு ஓட்டுவோம்.
ஒருநாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்:
கோழி திருடியவன் மேல்
அனுமதியில்லாமல் ஜெபக்கூட்டம் நடத்திய விதவை,
அவள் மேல்
இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு சுற்றிய பையன்,
அவன் மேல்
மனைவியின் தாடையை உடைத்தவன்,
எல்லாருக்கும் மேல் ஹெல்துர்.
எது எவருடைய குற்றம் என்று பிரிக்க முடியவில்லை.
நீதிபதியின் பெயர் மட்டும்
ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்து
தாள் அங்கே ஓட்டையாகியிருந்தது.

பிறகு கொடி மாறியது. ரூபிள் போய்க் குரோன் வந்தது.
ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து
பழைய கோப்பறையில் தூசி தின்றார்கள்.
பதினொன்றில் ஒன்பது கிடைத்தன.
(மீதி இரண்டில் அடுப்பு மூட்டியது காவலாளி, நான் அல்ல.)
அந்த வருடங்களின் அன்னக் கணக்கு
வேறெவரிடமும் இல்லையாம்.
பதக்கம் குத்தினார்கள்.
அரங்கம் எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன்.

இப்போது அவர் எனக்கு மேல்மாடி.
விடியுமுன் பால்கனியில் பார்லியும் மீன் தலையும் வைக்கிறார்.
கடற்காகங்கள் கூரை கொள்ளாமல் கத்துகின்றன.
குடியிருப்போர் சங்கம் மனு எழுதியிருக்கிறது:
'சுகாதாரக் கேடு. முதியவரின் மனநிலையைப்
பரிசோதிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.'
எழுதிய பெண் நல்லவள். பனி நாட்களில்
என் மாத்திரைகளை வாங்கி வருபவள் அவள்தான்.
கொடியில் காயும் என் வெள்ளை விரிப்பிலும்
எச்சம் விழுகிறது. அதுவும் பொய்யில்லை.

பதினாறு கையெழுத்து.
பதினேழாவது கோடு எனக்கு.

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சொன்னதை அடித்தவளிடம்
கையெழுத்துக் கேட்பது இதுதான் முதல் தடவை.
மேலே அவர் எண்ணுவது கேட்கிறது,
காது மந்தமானதால் உரக்க:
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
நின்றுவிட்டார்.

நானும் நிற்கிறேன்,
நீதிபதி அடுத்த எழுத்தைச் சொல்லக்
காத்திருந்த அதே விரல்களோடு.