கிரான்குளம் தாண்டி

பதினேழு வருடம் கல்முனை பஸ்ஸில்
கம்பி தொடாமல் நின்றவன் நான்.
ஒரு கையில் டிக்கட் புத்தகம்,
விரலிடுக்கில் மடித்த நோட்டுகள்,
வளைவை முழங்கால் முன்கூட்டியே அறியும்.

இப்போது கிணற்றடியில்
முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக்
கண்ணை மூடினால் விழுகிறேன்.
நரம்பின் உறை அரித்துப்போச்சாம்,
ஆஸ்பத்திரிப் படத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள்.
சந்தியில் சிலர் சாராயம் என்கிறார்கள்.

வெயில் ஏறினால் கால் சொல் கேட்காது.
அதனால் விடியப்புறம் ஐந்துக்கு
குசினி மேசையோரம் தலையணைமேல் ஏறுகிறேன்,
பிசியோ மிஸ் பஸ்மியா சொன்னபடி:
ஒரு குதியை முட்டி மறுகால் விரல்,
கண் மூடி,
பிடிக்க ஓர் இடம் கையெட்டும் தூரத்தில்.

செக்கன் எண்ண எனக்கு வராது.
தரிப்பிடம் எண்ணுகிறேன்.
கல்லடி. நாவற்குடா. காத்தான்குடி,
போன மாதம் அங்கேயே இறங்கிவிட்டேன்.
ஆரையம்பதி. தாழங்குடா.
கணுக்கால் உதறுகிறது, ஏற்றத்தில் பழைய எஞ்சின் மாதிரி.
கிரான்குளம்.
மேசை எங்கே? வேண்டாம்.
குருக்கள்மடம்...

"பின்னுக்குப் போங்க, இடம் இருக்கு!"
தேத்தண்ணி வடித்தபடி நிரோஜினி.

சிரித்துவிட்டேன்.
மேசையைப் பிடித்தேன்.

செட்டிபாளையத்தில் இறங்குபவர்கள்
நாளைக்கு வாருங்கள்.