எண் மட்டும் ஆங்கிலத்தில்

எட்டு வெள்ளிச் சொச்சம் கட்டி
என்னைப் பற்றி நானே வாங்கிய அறிக்கை
ஆறு பக்கம்.
பெயர் சரி. பிறந்த தேதி சரி.
புளோக் எண் மட்டும் பழையது,
ஈசூனில் நாங்கள் வாடகைக்கு இருந்த
அந்த ஒற்றை அறை.

நான்காம் பக்கத்தில் பன்னிரண்டு கட்டங்கள்,
மாதத்துக்கு ஒன்று.
ஏ, ஏ, ஏ, பி, சி, டி,
கடைசியில் ஒரு டபிள்யூ.
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மகள்
"இது யாரோட ஸ்பெல்லிங்மா?" என்றாள்.
தொடக்கநிலை இரண்டு.
பதில் வராமல் விடமாட்டாள்.
"எனக்கு எழுத வராத வார்த்தை" என்றேன்.

துவாசில் தொழிற்சாலை மூடியதை
வீட்டில் சொல்லவில்லை.
வழக்கம்போல் ஆறு பத்துக்குக் கிளம்பி
ஜூரோங் நூலகம் திறக்கும்வரை சுற்றிவிட்டு
மூன்றாம் தளத்தில், ஏர்கானுக்கு நேர் கீழே,
குளிரக் குளிர உட்கார்ந்திருப்பேன்.
ஐந்து மாதம்.
இருபத்தெட்டாம் தேதி வந்தால்
கடன் அட்டையில் எடுத்த காசைச்
சம்பளம் என்று மேசையில் வைப்பேன்.
தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு
தேக்கா நெரிசலில் குணசீலன் கேட்டார்,
"இந்த வருஷம் போனஸ் இல்லையா?"
அதையும் எடுத்தேன்.

பிறகு வேலை கிடைத்தது, பல் கிளினிக்கில்.
கடன் மறக்கவில்லை.
தபால் பெட்டிப் பக்கம் போகாமல்
கீழ்த்தளத்தைச் சுற்றிக்கொண்டு
மின்தூக்கிக்குப் போகப் பழகியிருந்தேன்.
வீடு மாறியபோது
புது முகவரியைச் சொல்லாமல் வந்ததில்
எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

வாராக்கடன் என்று எழுதி
வசூல் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டதாம் வங்கி.
வாராக்கடனாம்.
வராமல் இருந்தது நான்தான்.
அது மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது,
குட்டிகளையும் கூட்டிக்கொண்டு.

நேற்று மதியம்
கிளினிக்கின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து
நானே அழைத்தேன்.
"குட் ஆஃப்டர்நூன்" என்ற குரல்
என் பெயரைப் படித்ததும்
"தமிழா நீங்க?" என்றது.
வயிற்றைக் கலக்கிற்று.
ஆங்கிலம் என்றால்
யாரோ பட்ட கடன்போல் பேசியிருப்பேன்.

ஜெசிந்தா என்றாள். அக்கா என்றாள்.
மிரட்டவில்லை.
தொகையைச் சொல்லும்போது மட்டும்
சட்டென ஆங்கிலத்துக்கு மாறினாள்.
அவளுக்கும் கூசியிருக்க வேண்டும்.
நானும் ஆங்கிலத்திலேயே பேரம் பேசினேன்,
ஈரச்சந்தையில்
அரைக் கிலோ கானாங்கெளுத்திக்குப் பேசும்
தைரியம்கூட இல்லாமல்.

"குறைச்சுக் கட்டினா
பேசித் தீர்த்ததுன்னு பதிவாகும்க்கா.
மொத்தமும் கட்டினா முழுசாத் தீர்த்தது.
எப்படிக் கட்டினாலும் மூணு வருஷம்
அந்த வரி அங்கதான் இருக்கும்."

"அழிக்க முடியாதா?"

"மூடலாம்க்கா. அழிக்க முடியாது."

எழுத்தில் அனுப்பச் சொன்னேன்,
வந்தால்தான் கட்டுவேன் என்றேன்.
அதை மட்டும் நல்ல தமிழில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக் கடனுக்கு நேர்காணல்.
செம்பவாங், நாலறை, ஒன்பதாம் மாடி.
இருவர் பெயரிலும் விண்ணப்பம்,
இருவர் அறிக்கையும் வேண்டும்.

இன்றிரவு மகள் தூங்கியதும்
நான்காம் பக்கத்தைத் திருப்பி
அவர் முன்னால் வைத்தேன்.
கட்டங்களை விரலால் எண்ணினார்.
அக்டோபரில் விரல் நின்றது.
ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது.

"நான் தினமும் கட்டிக் குடுத்த சாப்பாட்டை
எங்க வச்சுச் சாப்பிட்டே?"

நூலகத்தில் சாப்பிட விடமாட்டார்கள்.
"பஸ் முனையத்துல," என்றேன்.
"ரெண்டாவது பெஞ்ச்."

"மழை பேஞ்சா?"

"அங்கதான்."

தலையாட்டினார். எழுந்துபோய்
எனக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.
தொகையை இன்னும் கேட்கவில்லை.
கேட்பார்.
டம்ளரைப் பிடித்தபடி
வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன், தமிழில்:
ஏழாயிரத்து நூற்றுப் பதினெட்டு வெள்ளி,
நாற்பது காசு.